சிறு பணத்தில் ஒரு விளையாட்டுக் கணினி

பதுளை நகருக்குப் புகைவண்டி முதன்முதலாக வந்தது 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே. கொழும்பிலிருந்து 290 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தப் பாதையின் கடைசி நிலையம் பதுளையே. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் எப்பொருளும் ஊவா மலைகளுக்கு வந்து சேரும்போது தூரத்தின் செலவையும் சுமந்துகொண்டே வருகிறது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இரும்பு இயந்திரங்கள் ஒரு காலத்தில் அவ்வாறு வந்தன. இன்று பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் இளைஞர் சிலர், பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளிலே வாங்கிய சிறு சிறு பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பேருந்திலே மலையேறுகின்றனர். ஒரு பெட்டியிலே செயலி, மற்றொன்றிலே தாய்ப்பலகை, சிறிய உறையிலே நினைவகம். இவற்றை ஒன்றுகூட்டினால், படிக்கவும் விளையாடவும் உதவும் ஒரு கணினி பிறக்கும்.

கையிலுள்ள பணம் குறைவு. சீட்டுப் பணமாக இருக்கலாம். தீபாவளி முற்பணத்தில் மிஞ்சியதாக இருக்கலாம். கொழும்பிலே கடை வேலை பார்க்கும் தமையன் அனுப்பியதாக இருக்கலாம். அந்தப் பணத்திலே எந்த உறுப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் கேள்வி. தவறான உறுப்பிலே பணம் போய்விட்டால் அதைத் திருத்த இன்னொரு வருடம் ஆகும். இந்தக் கேள்வியை ஒரு தோட்டத்து வீடு கேட்க முடிகிறது என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால் விடையும் ஓரளவு தெளிவாகும்.

கணினி தொடக்கத்தில் பிரிக்கவொண்ணாத பொருளாகவே இருந்தது. 1962ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய தோழர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டைச் சமைத்தனர். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த முயலும் எளிய ஆட்டம் அது. ஆனால் அது ஓடிய ‘பிடிபி-1’ என்னும் கணினியின் விலையோ 120,000 டொலர். ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிலையமோ அன்றி வேறெவரும் அதை வாங்க எண்ண இயலாது. வாங்குவோர் முழுவதையும் வாங்க வேண்டும். அல்லது ஒன்றும் வாங்காதிருக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறிய கணினியொன்றை வாங்கிய நிறுவனம், பின்னர் பெரியதொன்றுக்கு மாறினாலும் பழைய நிரல்களையும் துணைக் கருவிகளையும் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது அதன் சிறப்பு. சிறியதில் தொடங்கி வளரலாம் என்ற எண்ணம் கணினி உலகிலே அப்போதுதான் வேரூன்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. தாம் எந்த நாட்டில் வாழப் போகின்றோம் என்று அறியாத குடும்பம், ஆண்டாண்டாகச் சேர்த்து ஒரு பொருளை வளர்ப்பது எங்ஙனம்? ஊவாத் தோட்டங்களிலே வீட்டுக்கென்று இயந்திரம் வாங்கும் பழக்கம் தாமதமாக வந்ததற்குக் கூலியின் குறைவு மட்டும் காரணமன்று. நிலையின்மையும் ஒரு காரணமாகும்.

சாமானியரின் கைக்குக் கணினி உறுப்புகள் வந்தது 1975ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு ஜனவரி மாதத்து அமெரிக்க மின்னியல் இதழொன்றின் அட்டையிலே ‘ஆல்டயர் 8800’ என்னும் கணினி இடம்பெற்றது. 400 டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் அதன் உறுப்புகள் தபாலிலே வந்தன. வாங்கியவர் தாமே பற்றாசு வைத்து அவற்றை இணைக்க வேண்டும். திரையில்லை, தட்டச்சுப் பலகையில்லை, முகப்பிலே ஆளிகளும் விளக்குகளும் மட்டுமே இருந்தன. இருப்பினும், கணினியை ஒருவர் தம் மேசையிலே தாமே கூட்டலாம் என்பதை அது காட்டிவிட்டது.

இன்றைய கணினிக் கடைகளுக்கு மூலமாக அமைந்தது 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் தேதி வெளிவந்த ஐபிஎம் தனியாட் கணினி. அதன் தொடக்க விலை 1,565 டொலர். காலம் குறைவாக இருந்தமையால், அதை வடிவமைத்த குழுவினர் எல்லா உறுப்புகளையும் தாமே செய்யாமல் வெளிச் சந்தையிலிருந்து வாங்கினர். செயலி இன்டெல் நிறுவனத்துடையது; இயங்குதளம் மைக்ரோசொப்ட் நிறுவனத்துடையது. சுற்றமைப்பின் விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. தாய்ப்பலகையிலே 5 துளைவரிசைகள் இருந்தன. வேறு நிறுவனத்தார் செய்த அட்டைகளையும் அவற்றிலே செருகலாம். திரைக்குப் படம் அனுப்பும் சுற்றுக்கூடத் தாய்ப்பலகையில் இல்லை. அதற்கென ஒரு தனி அட்டை வாங்க வேண்டியிருந்தது. எழுத்து மட்டும் போதும் என்பவருக்கு ஓர் அட்டை. வண்ணப் படம் வேண்டும் என்பவருக்கு மற்றோர் அட்டை. இன்று ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்று கடைகளிலே கேட்கப்படும் வரைகலை அட்டையின் முன்னோர் அவையே.

அந்தக் கணினியிலே ஐபிஎம் தன்னுடையதென்று காப்புரிமை கொண்டிருந்த முக்கியமான பகுதி, தொடக்க நிரல் பதிந்த சில்லு ஒன்றே. 1982ஆம் ஆண்டில் கொம்பாக் என்னும் புதிய நிறுவனம் அதே பணியைச் செய்யும் நிரலை நகலெடுக்காமல் புதிதாக எழுதியது. அதன் பின் பல நிறுவனங்கள் ஒத்த கணினிகளைச் செய்தன. உறுப்புகளின் விலை போட்டியினாலே இறங்கியது. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ‘ஏடிஎக்ஸ்’ என்னும் அளவுமுறையை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவும், திருகாணித் துளைகள் அமையும் இடமும், மின்வழங்கியின் வடிவமும் அதனாலே ஒழுங்குபட்டன. தாய்வானில் செய்த பலகையும் சீனாவில் செய்த பெட்டியும் பதுளையில் ஒரு மேசைமீது ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றால், அதற்கு அந்த அளவுமுறையே காரணம்.

விளையாட்டு இந்த வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் வேடிக்கையன்று. கணக்கு எழுதுவோருக்கும் கடிதம் அடிப்போருக்கும் போதுமானதாயிருந்த கணினியை மேலும் விரைவாக்கியவர்களில் விளையாடுவோர் முதன்மையானவர். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வூடூ’ அட்டை முப்பரிமாணக் காட்சிகளை வரையும் வேலையைச் செயலியிடமிருந்து பெற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ‘ஜிபோர்ஸ் 256’ என்னும் அட்டையை வெளியிட்டது. விளையாட்டுக்காகப் பிறந்த அந்த வகைச் சில்லுகளே பின்னர் வானிலைக் கணிப்பு, மருத்துவப் படம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளுக்கெல்லாம் பயன்பட்டன.

குறைந்த பணமுடையோர் இந்த வரலாற்றிலே வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. 1998ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ‘செலரோன் 300ஏ’ என்னும் மலிவான செயலியை விற்றது. 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட அதைத் தாய்ப்பலகையின் அமைப்பை மாற்றி 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓட்டலாம் என்று பயனாளர் கண்டறிந்தனர். அதனாலே, பன்மடங்கு விலையுள்ள செயலியோடு பல விளையாட்டுகளிலே அது போட்டியிட்டது. விலைச் சீட்டு ஒன்று. பொருளின் ஆற்றல் வேறொன்று என்பதை அந்தச் சம்பவம் உலகுக்கு உணர்த்தியது.

இனி, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு வரலாம். அதற்கு ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகள் தொலைவிலே பாடம் தேட வேண்டியதில்லை. மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையே அந்தப் பாடத்தைக் கற்பிக்கிறது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தம் விறாந்தையிலே கையால் இலையை உருட்டச் செய்தார். 1872ஆம் ஆண்டளவில் இலை உருட்டும் பொறியொன்றைத் தாமே அமைத்தார். கோப்பிச் செடிகளை நோய் அழித்த பின் ஊவாவின் மலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1890ஆம் ஆண்டில் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தொழிற்சாலையை அமைத்தவர் தோமஸ் லிப்டன்.

அந்தத் தொழிற்சாலைகளிலே கொழுந்து முதலில் வாட்டப்படுகிறது, பின் உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, இறுதியில் உலர்த்தப்படுகிறது. வாட்டும் தட்டுகள் ஒரு நாளைக்கு 5,000 கிலோ கொழுந்தை ஏற்குமாயின், உலர்த்தும் பொறி 3,000 கிலோவுக்கே போதுமாயின், அந்தத் தொழிற்சாலையின் உண்மையான அளவு 3,000 கிலோவே. உருளைகளைப் புதிதாக்கினாலும் பயனில்லை. எஞ்சிய கொழுந்து காத்துக்கிடந்து கெடும். டீமேக்கர் அறிந்த இந்த விதியே கணினிக்கும் விதி.

விளையாட்டொன்று திரையிலே அசைவதாகத் தோன்றுவது, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாறுவதனாலேயாம். சாதாரணத் திரை வினாடிக்கு 60 படங்களைக் காட்டும். பந்து எங்கே செல்கிறது, எதிரி எவ்விடம் நிற்கிறான் என்பனவற்றைச் செயலி கணிக்கிறது; அக்கணிப்பின்படி வரைகலைச் சில்லு படத்தை வரைகிறது. செயலி வினாடிக்கு 100 படங்களுக்குக் கணக்குச் சொன்னாலும், அட்டை 30 படங்களையே வரையுமாயின், கண்ணுக்குக் கிடைப்பது 30 படங்களே. எனவே விலைமிக்க செயலியையும் வலுவற்ற அட்டையையும் சேர்ப்பவர், உலர்த்தியை மறந்து உருளை வாங்கிய தோட்ட முதலாளிக்கு ஒப்பாவார்.

திரையிலிருந்தே கணக்கைத் தொடங்குவது நன்று. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையிலே ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை என்றால் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை அட்டை வரைய வேண்டும். படத்தின் அளவை 1280க்கு 720 எனக் குறைத்தால் அந்த வேலை பாதிக்கும் கீழே இறங்கும். காட்சியின் கூர்மை சற்றுக் குறையும், ஆட்டம் தடைப்படாது. ஒரு ரூபாயும் செலவின்றிக் கிடைக்கும் வேகம் இது. ஏற்கெனவே வீட்டிலுள்ள பழைய திரையொன்று போதுமாயின், அதற்கு மேற்பட்ட வேகத்துக்குப் பணம் செலவிடுவது வீண்.

அடுத்து, செயலி. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஏஎம்டி நிறுவனம் ‘ரைசன் 3 2200ஜி’ என்னும் செயலியை 99 டொலருக்கு வெளியிட்டது. ஓரளவு வலுவான வரைகலைப் பகுதி அதனுள்ளேயே அமைந்திருந்தமையால், தனி அட்டை வாங்காமலே பல விளையாட்டுகளை எளிய அமைப்பில் ஆட முடிந்தது. அதன் பின் வந்த அவ்வினச் செயலிகளும் அவ்வாறே. இன்று செயலியும் பலகையும் வாங்கி, பணம் சேர்ந்த பின் அட்டையை வாங்கலாம் என்பது குறைந்த பணமுடையோருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அத்தகைய செயலியின் வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்தையே அது பயன்படுத்துகிறது. ஆதலின் 16 ஜிகாபைட் கொண்ட ஒரே நினைவகத் துண்டைக் காட்டிலும், 8 ஜிகாபைட் கொண்ட இரண்டு துண்டுகளைப் பொருத்துவதே சிறந்தது. இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்லும். படத்தின் வேகம் தெளிவாக உயரும்.

பொருட்களைச் சேமிக்கச் சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகச் சிறிய அளவிலேனும் ‘எஸ்எஸ்டி’ எனப்படும் திண்மச் சேமிப்பகம் வாங்குவது தக்கது. அது படங்களின் எண்ணிக்கையை உயர்த்தாது. ஆனால் கணினி எழுந்து நிற்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். கணினிப் பெட்டியின் கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் கொடுக்கும் பணம் ஆட்டத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. காற்று உள்ளே வந்து வெளியே செல்லுமாயின் பழைய பெட்டியும் போதும்.

மின்வழங்கியிலே மட்டும் மலிவைத் தேடலாகாது. ‘பவர் சப்ளை’ என்று கடைகளில் வழங்கும் இவ்வுறுப்பு தரமற்றதாயின், அது கெடும்போது பலகையையும் செயலியையும் தன்னோடு கொண்டுபோகக்கூடும். ஊவாவிலே சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மாலையில் இடியும் மின்னலும் மிகுதி. லயங்களிலே நிலத்தொடுப்புச் சரியில்லாத மின்னிணைப்புகளும் உள. மின்னல் நேரத்திலே கம்பியைக் கழற்றி வைப்பதும், நிலத்தொடுப்பை மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பதும் எந்த உறுப்பையும் விடக் குறைந்த செலவில் கணினியைக் காக்கும் வழிகள். மலைக் குளிர் கணினியின் வெப்பத்தைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் ஹப்புத்தளைப் பக்கத்து மூடுபனியின் ஈரமும், விறகடுப்பின் கரியும் விசிறியிலும் பலகையிலும் படிந்தால் அந்த நன்மை போய்விடும். அடுப்படிக்கு அப்பால், சீமெந்துத் தரைக்கு மேலே உயர்த்தி வைக்கப்பட்ட கணினி நீண்ட காலம் உழைக்கும்.

புதியவை எட்டாத விலையாயின் பழையவை உண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் தேதியோடு ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. புதிய இயங்குதளத்தை ஏற்காத அலுவலகக் கணினிகள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அவற்றிலே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். ‘புரோட்டன்’ என்னும் மென்பொருள் 2018ஆம் ஆண்டில் வந்தபின் விண்டோஸ் விளையாட்டுகள் பல அதிலும் ஓடுகின்றன. அலுவலகக் கணினியின் மின்வழங்கி சிறியது. அதிலே மின்பசி மிகுந்த அட்டையைப் பொருத்தலாகாது. தாய்ப்பலகையின் துளைவரிசை 75 வாட் வரை மின்சாரம் தரவல்லது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜிடிஎக்ஸ் 1650’ போன்ற சில அட்டைகள் அந்த 75 வாட்டுக்குள்ளேயே இயங்குவன. ஆயினும் வேறு மின்கம்பி கேட்காத வகையா, பெட்டியின் உயரத்துக்கு அடங்குமா என்ற இரண்டையும் அளந்து பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

பழைய அட்டைகளின் சந்தைக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்ணிம நாணயங்களைத் தோண்டுவோர் பல ஆண்டுகள் உலகெங்கும் வரைகலை அட்டைகளை வாங்கிக் குவித்தனர். விளையாடுவோருக்கு அவை இரட்டை விலையிலும் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் தேதி ‘எதீரியம்’ நாணயம் தன் முறையை மாற்றியது. தோண்டுவோருக்கு அந்த அட்டைகள் வேண்டாதனவாயின. ‘ஆர்எக்ஸ் 580’ முதலிய அட்டைகள் பெருந்தொகையாகப் பழைய சந்தைக்கு வந்தன. இரவும் பகலும் ஓடிய அட்டையின் விசிறியும் வெப்பக் களிம்பும் தேய்ந்திருக்கும். எனவே ஆட்டமொன்றை அரை மணி நேரமேனும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பது தவறு.

உறுப்பைத் தெரிவுசெய்வது வாங்குபவரின் கையில் இருப்பினும் விலை அவர் கையில் இல்லை. இதை ஊவாத் தோட்டங்கள் அண்மைக் காலத்தில் கசப்போடு அறிந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக வந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மேலே கூறிய 99 டொலர்ச் செயலியை அளவுகோலாகக் கொண்டால், வரியும் கடைக்காரர் இலாபமும் நீங்கலாக, அது ஏறத்தாழ 20 நாட் கூலி. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாயின் மதிப்பு தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயை எட்டியது. கூலி 1,000 ரூபாயாகவே நின்றது. அதே 99 டொலர் இப்போது 36 நாட் கூலியாயிற்று. கொழுந்து பறித்த கை மாறவில்லை. பறித்த இலை டொலருக்கே விற்றது. ஆயினும் அந்தக் கையின் வாங்கும் வலிமை பாதியளவுக்கு இறங்கியது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்து, டொலரும் 300 ரூபாயை ஒட்டி இறங்கிய பின்னர் அக்கணக்கு 22 நாட்களுக்குத் திரும்பியது. மூன்றரை ஆண்டுகள் கழிந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததன்றி முன்னேற்றமில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையாலே நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. தூரத்து நாட்டிலே நிகழும் ஒவ்வொன்றும் லயத்துக் காம்பராவின் கணக்கிலே ஒரு வரியாக வந்து சேர்கிறது.

இவ்வளவு சிரமத்தின் நடுவே விளையாட்டுக்கென்று கணினி வேண்டுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபின், கூரையும் சுவரும் முதலில் வேண்டும் என்பதை எவரும் மறுக்க இயலாது. விளையாட்டு படிப்பின் நேரத்தைத் தின்னும் என்ற அச்சமும் பொய்யன்று.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றினாலே பாடசாலைகள் மூடப்பட்டன. கணினியும் இணையமும் உள்ள வீடுகளின் பிள்ளைகள் படித்தனர், இல்லாதோர் காத்திருந்தனர். 2021ஆம் ஆண்டில் லுணுகலைப் பக்கத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் கைபேசிக்கு அலை கிடைப்பதற்காகக் காட்டு வழியே நடந்து பாறைமேல் ஏறிப் பாடம் நடத்திய செய்தி உலகப் பத்திரிகைகளிலே வந்தது. இலங்கையில் ஐந்து வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரு வீட்டிலேயே கணினி இருப்பதாகத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிற்று. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளிலே தோட்டமே கடைசியில் நின்றது.

விளையாட வல்ல கணினி படிக்கவும் வல்லது. நிரல் எழுதவும், கட்டட வரைபடம் தீட்டவும், படத் தொகுப்புச் செய்யவும் வேண்டிய ஆற்றல் அதிலே உண்டு. கணினி விளையாட்டே 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலே பதக்கப் போட்டியாயிற்று. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நடக்கிறது. கணினிக் கல்வியும் அங்கே உண்டு. தோட்டத்து லயத்துக்கும் அந்த வளாகத்துக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே எனினும், அதைக் கடக்கும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ஒரு கணினியின் உள்ளைத் திறந்து பார்த்த பழக்கம் வலுவான துணையாகும். எந்த உறுப்பு எதற்கு, ஏன் இந்த விலை, எது முதலில், எது பின்னர் என்று ஒரு பிள்ளை தந்தையோடு அமர்ந்து தாளிலே கணக்கிடுமாயின், கணினி வருமுன்னரே ஒரு கல்வி தொடங்கிவிட்டது.

1962ஆம் ஆண்டின் கணினி முழுவதாகவே விற்கப்பட்டது. ஆதலின் ஏழைக்கு அதிலே பங்கில்லை. 1981ஆம் ஆண்டின் கணினி உறுப்புகளாகப் பிரிந்தது. ஆதலின் இன்று வாங்க இயன்றதை இன்றும், நாளை வாங்க இயல்வதை நாளையும் வாங்கும் உரிமை பிறந்தது. குறைந்த பணமுடையவருக்கு வேண்டியது அந்த உரிமையை அறிந்து பயன்படுத்துவதே. நல்ல மின்வழங்கி, பின்னர் வளர இடம் தரும் தாய்ப்பலகை, வரைகலைப் பகுதி அமைந்த செயலி, இரண்டு துண்டு நினைவகம், சிறிய திண்மச் சேமிப்பகம் ஆகிய இவ்வைந்தும் முதல் ஆண்டுக்குப் போதும். தனி அட்டை அடுத்த தீபாவளிக்கு வரலாம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலே கச்சான் காற்று வீசும்போது கிடைக்கும் சுவைமிக்க ஊவாத் தேயிலையைத் தொழிற்சாலை அவசரப்பட்டுச் செய்வதில்லை. ஒவ்வொரு படியும் மற்றொரு படியோடு இசையும்படியே செய்கிறது. அந்த ஊரின் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை புதியதன்று.